லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸ் போட்டேன், கேம் எல்லாம் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடுது

ராத்திரிப்பூனை:
எல்லாருக்கும் வணக்கம். 8 ஜிபி ராம், இன்டெல் ப்ராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணே ஒண்ணு, இதுதான் என் லேப்டாப். விண்டோஸ் 11ஐ தொடாம பக்கத்துல 80 ஜிபி பிரிச்சு லினக்ஸ் மின்ட் போட்டிருக்கேன், ஆன் பண்ணா எது வேணும்னு கேக்குது, அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. எதுக்கு போட்டேன்னா விண்டோஸ்ல கேமை திறக்கறதுக்கு முன்னாடியே பாதி ராமை அதுவே தின்னுடுது, சரி இதுல கொஞ்சம் மிச்சமாகும்னு ஒரு நப்பாசை. கேம் வாங்கி ஆடற ஸ்டீம் ஆப்பை போட்டு, விண்டோஸ் கேமை லினக்ஸ்ல ஓட்டற ப்ரோட்டானும் ஆன் பண்ணிட்டேன். மறுபடி எல்லா கேமையும் டவுன்லோட் பண்ண தெம்பு இல்ல, அதனால விண்டோஸோட டி டிரைவையே லைப்ரரின்னு காட்டிட்டேன். இப்ப பாதி கேம் ப்ளே அமுக்கினா ரெண்டு செகண்டுல தானா ஸ்டாப் ஆகிடுது. விட்சர் 3 மட்டும் திறக்குது ஆனா 12, 15 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு இத்தனை ஃப்ரேம்) தான், இதே கேம் விண்டோஸ்ல 50 வரும். அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் தினம் வாலரண்ட் ஆடறாங்க, அது ஸ்டீம்லயே இல்ல, லினக்ஸ் உள்ள விர்ச்சுவல் மெஷின் (சாஃப்ட்வேர்லயே ஓடற போலி கம்ப்யூட்டர்) வச்சு அதுல விண்டோஸ் போட்டு ஆடலாமா? யாராவது பண்ணியிருந்தா சொல்லுங்க.

பழையகீபோர்டு:
12 எஃப்பிஎஸ்னு படிச்சதுமே தெரிஞ்சுடுச்சு ப்ரோ, கேம் உங்க 1650லயே ஓடல, இன்டெல் கிராபிக்ஸ்ல தான் மூச்சு வாங்கிட்டு இருக்கு. இந்த மாதிரி லேப்டாப்ல ரெண்டு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இருக்கும், பெரும்பாலும் ஸ்க்ரீன் இன்டெல் பக்கம் தான் கோர்த்திருப்பாங்க, என்விடியா கூப்பிட்டா தான் எழுந்து வரும். மொதல்ல டிரைவர் மேனேஜர் திறந்து பாருங்க, நூவோன்னு (லினக்ஸோட வர்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவர்) இருந்தா அதை விட்டுட்டு ரெகமெண்டட்னு போட்டிருக்கற என்விடியா டிரைவரை போடுங்க. போட்டும் வேலை செய்யலைன்னா ஒரு கேள்வி, செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத சாஃப்ட்வேரை பூட் ஆகும்போது தடுக்கறது) ஆன்ல இருக்கா? இருந்தா டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்க சொல்லும், அடுத்த ரீபூட்ல நீல கலர்ல ஒரு ஸ்க்ரீன் வரும், அதுல என்ரோல் மோக் (டிரைவரோட கீயை நம்பச் சொல்ற ஆப்ஷன்) எடுத்து அதே பாஸ்வேர்டு குடுக்கணும். நிறைய பேர் அந்த நீலத்தை பாத்து பயந்து கன்டினியூ பூட் அமுக்கிட்டு வந்துடுவாங்க, டிரைவர் டிஸ்க்ல சும்மா உக்காந்திருக்கும், லோடே ஆகாது. இதுக்காக செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடலாம்னு தோணும், விண்டோஸ்ல டிஸ்க்கை பூட்டி வைக்கற பிட்லாக்கர் இருந்தா அடுத்த தடவை ரெக்கவரி கீ கேட்டு நிக்கும், கீயை முன்னாடியே எடுத்து வச்சுக்காம அங்க கை வைக்காதீங்க.
டிரைவர் வந்தாச்சுன்னா கீழ டாஸ்க்பார்ல என்விடியா ஐகான் இருக்கும், பெர்ஃபார்மன்ஸ் மோடு வச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க. பேட்டரி கரையும், சார்ஜர்லயே வச்சு ஆடுங்க.

மீன்கொத்தி:
மேல சொன்னது எஃப்பிஎஸ்க்கு. ப்ளே அமுக்கினா நிக்கறதுக்கு உங்க டி டிரைவ் தான் காரணம்னு நெனைக்கறேன், அது என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸோட டிஸ்க் ஃபார்மேட். ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் காம்பட்டேட்டான்னு ஒரு ஃபோல்டர்ல போலியா ஒரு சி டிரைவ் கட்டும், அதுக்குள்ள பேர்லயே முக்காற்புள்ளி வர்ற லிங்க் எல்லாம் இருக்கும், அந்த மாதிரி பேரு விண்டோஸுக்கு ஆகாது. அதுவும் போக விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா நீங்க ஷட்டவுன் பண்ணாலும் அது அரைத் தூக்கத்துல தான் இருக்கு, லினக்ஸ் வந்து டிரைவை எடுத்தா படிக்க மட்டும் தான் விடும், எழுத விடாது. எழுத முடியாம கேம் எப்படி திறக்கும்? அதை பவர் ஆப்ஷன்ஸ்ல போய் ஆஃப் பண்ணுங்க.
காம்பட்டேட்டாவை மட்டும் லினக்ஸ் பக்கம் வச்சுட்டு டி டிரைவ்ல இருந்து லிங்க் குடுத்து ஓட்டறவங்க இருக்காங்க, நானும் அப்படித்தான் கொஞ்ச நாள் ஓட்டினேன், அப்புறம் ஒரு நாள் இடம் பத்தலைன்னு எதுக்கு இருக்குன்னே யோசிக்காம அந்த ஃபோல்டரை அழிச்சேன், க்ளவுடு சேவ் இல்லாத ஒரு கேம்ல 40 மணி நேரம் ஆடினது அதோட போச்சு. முழுக்க என் தப்பு தான். அதனால நான் சொல்றது, ஆடற ஒண்ணு ரெண்டு கேமை மட்டும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு காப்பி பண்ணுங்க. ஸ்டீம் லைப்ரரியில காமன் ஃபோல்டருக்குள்ள போட்டுட்டு இன்ஸ்டால் அமுக்கினா இருக்கற ஃபைலை அதுவே கண்டுபிடிச்சுக்கும், குறையறதை மட்டும் தான் இறக்கும். 80 ஜிபி பத்தாது, அது வேற விஷயம்.

சந்தேகராசா:
நான் கொஞ்சம் தண்ணி ஊத்தறேன், கோவிச்சுக்காதீங்க தல. வாலரண்ட் லினக்ஸ்ல நடக்காது. அதோட வான்கார்டு விண்டோஸ் கெர்னல்லயே (விண்டோஸோட மையப் பகுதி) போய் உக்கார்ற ஆன்டிசீட், அதாவது ஏமாத்தி ஆடறவங்களை பிடிக்கற சாஃப்ட்வேர், விர்ச்சுவல் மெஷின்னு மோப்பம் பிடிச்சா உள்ளயே விடாது. ஈஸி ஆன்டிசீட், பேட்டில்ஐன்னு வேற ரெண்டு ஆன்டிசீட்டும் 2021லயே ப்ரோட்டானுக்கு வழி விட்டாச்சு, ஆனா கேம் பண்றவங்க அதை ஆன் பண்ணணும்ல, ஃபோர்ட்நைட்ல இன்னும் பண்ணல, ஏபெக்ஸ் நல்லா ஓடிட்டு இருந்தது 2024ல அவங்களே மூடிட்டாங்க. எந்த கேமையும் காப்பி பண்றதுக்கு முன்னாடி எந்த கேம் ப்ரோட்டான்ல ஓடும்னு ஆடறவங்க எழுதற ப்ரோட்டான்டிபி சைட்ல பேரை போட்டு பாருங்க.
விர்ச்சுவல் மெஷின் மத்த கேமுக்கும் வேண்டாம். இருக்கறதே 8 ஜிபி, அதுல ஆளுக்கு பாதி பிரிச்சு குடுத்தா ரெண்டுமே திணறும், ஜிபியுவை உள்ள தள்ளி விடறது லேப்டாப்ல பெரிய தலைவலி. ராம் ஸ்லாட் ஒண்ணு காலியா இருந்தா இன்னொரு 8 போடுங்க, நீங்க லினக்ஸுக்கு வந்த காரணமே அதோட தீந்துடும்.

பழையகீபோர்டு:
ராம் விஷயம் சரி தான். ஆனா ப்ரோட்டானை விர்ச்சுவல் மெஷின் மாதிரின்னு யாரும் நெனச்சுடாதீங்க, அடியில இருக்கற வைன் 1993ல ஆரம்பிச்சது, விண்டோஸை உள்ள ஓட்டல, கேம் கேக்கறதை லினக்ஸுக்கு புரியற மாதிரி மாத்தி சொல்லுது அவ்வளவு தான், விண்டோஸ் கேம் கிராபிக்ஸுக்கு பேசற டைரக்ட்எக்ஸ் 11ஐ லினக்ஸ்லயும் இருக்கற வல்கனா மாத்தறது டிஎக்ஸ்விகேங்கற பகுதி. ராத்திரிப்பூனை, விட்சர்ல டைரக்ட்எக்ஸ் 12 வேண்டாம், 11லயே ஆடுங்க, 4 ஜிபி விஆர்ஏஎம்முக்கு (கிராபிக்ஸ் கார்டோட சொந்த மெமரி) அது தான் தாங்கும். மொத தடவை ஷேடர் (ஜிபியுல ஓடற சின்ன ப்ரோக்ராம்) தயாராகறப்ப கொஞ்சம் திக்கும், விட்டுடுங்க.

ராத்திரிப்பூனை:
அந்த நீல ஸ்க்ரீன்ல கன்டினியூ அமுக்கின அறிவாளி நான் தான் 🙏 மறுபடி டிரைவர் போட்டு என்ரோல் பண்ணேன், விட்சரை இந்த பக்கம் காப்பி பண்ணேன், 11ல 45க்கு மேல நிக்குது, போதும் எனக்கு. இன்னொரு கேம் இன்னும் திறக்க மாட்டேங்குது, ப்ரோட்டான் வெர்ஷன் மாத்தி பாக்கணும். வாலரண்டுக்கு ரீபூட் பண்ணி விண்டோஸ் போயிக்கறேன். ஆனா ஒண்ணு, லினக்ஸ்ல இருந்துட்டு அங்க போனா கடிகாரம் தப்பா காட்டுது, இது என்ன கூத்து?

மீன்கொத்தி:
மதர்போர்டு கடிகாரத்தை (ஆர்டிசி) லினக்ஸ் யுடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு எடுத்துக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம்னு எடுத்துக்கும், அதான் சண்டை. மின்ட்ல டெர்மினல் திறந்து ஆர்டிசியை லோக்கல் டைமுக்கு மாத்தற கமாண்டு ஒரே வரி தான், தேடினா உடனே கெடைக்கும். போட்டுட்டு மணியை ஒரு தடவை சரி பண்ணி விட்டுடுங்க.