வீடியோ கேசட் ஓட்டும் பழைய டெக்கை (விசிஆர்) வைத்திருக்கலாமா, எடைக்குப் போடலாமா? உங்கள் அனுபவம் என்ன?

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டு டெக் 80களின் கடைசியில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்து டிவியில் மாட்டப் போனால், புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருக இடமே இல்லை. அந்த ஏவி ஒயரைப் புது டிவியின் எச்டிஎம்ஐ இணைப்புக்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். கேசட் உள்ளே போனது, கொஞ்ச நேரம் முனகியது, வெளியே வந்துவிட்டது.

அந்தக் காலத்து டிவி மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பெல்ட் தளர்ந்திருந்தது, கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது, டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை கண்ணாடி போல வழுவழுப்பாகிவிட்டது. ஓட்டினால்தான் தேயும், சும்மா வைத்தால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். ரப்பரும் கிரீஸும் சும்மா இருந்தாலும் கெடும் என்றார். பெல்ட் மாற்றி, உருளையைத் தேய்த்துச் சுத்தம் செய்து கொடுத்தார். உதிரி பாகம் என்று தனியாக எதுவும் கிடைப்பதில்லையாம், இன்னொரு செத்த டெக்கிலிருந்துதான் கழற்றுகிறார். கடைசிவரை டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

அக்கா கல்யாண கேசட்டைப் போட்டோம். எனக்கு ஆச்சரியம் வேறு இடத்தில். அதே கேசட்டை 2000களில் ஒரு கடையில் கொடுத்து விசிடி (வீடியோ சிடி) ஆக்கியிருந்தோம். "அதான் சிடியில இருக்கே" என்று கேசட்டைத் தூக்கிப்போடாமல் விட்டது அம்மாவின் புண்ணியம். விசிடியில் நலங்கு வைக்கும்போது முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். கேசட்டில் சேலையின் சரிகை தெரிகிறது! விசிடியின் படம் 352×288 புள்ளிகள்தான். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) கேசட்டில் நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒவ்வொன்றும் அடுத்தடுத்த கணத்தில் எடுத்ததாக இருக்கும், விசிடியில் 25 படங்களே மிஞ்சும். அசைவெல்லாம் அதில் வெட்டி வெட்டித் தெரிவது அதனால்தான்.

ஆகவே என் கட்சி இது. பார்ப்பதற்காக டெக்கை ஓட்டாதீர்கள், கணினியில் ஏற்றுவதற்காக ஓட்டுங்கள். டேப்பைப் படிக்கும் ஹெட் இருக்கும் உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றி டேப்பை உரசித்தான் படம் எடுக்கிறது. அந்த உரசலுக்கு ஒரு பலன் இருக்கட்டும்.

கும்பகோணம் பக்கம், முன்னாள் கல்யாண வீடியோக்காரர்:

சார் சொன்னது சரி. ஆனால் கேசட்டை டெக்கில் போடும் முன் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். டேப் சுற்றின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதை நல்ல டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். காவிரிக்கரை ஈரத்தில் பீரோவுக்குள் வைத்த கேசட்டுகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஹெட்டைத் துடைக்கிறேன் என்று பட்ஸ் வைத்து மேலும் கீழும் தேய்க்காதீர்கள், பிய்ந்துவிடும்.

இன்னொன்று, பலர் கேட்கிறார்கள்: "ஒரிஜினல் உங்ககிட்ட இருக்குமா அண்ணே?" இருக்காது. இரண்டு டெக் வைத்து, டைட்டில் மிக்ஸ் பண்ணி, பாட்டு சேர்த்து உங்களுக்குக் கொடுத்ததே காப்பிதான். கேமராவில் ஓடிய கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விட்டது. அன்றைக்குக் கேசட் விலை அப்படி. உங்கள் வீட்டில் இருப்பதுதான் இனி மிச்சம்.

கேசட்டின் பின்பக்க ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிவாகாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உடைக்காமல் விட்டு, தாலி கட்டும் நேரத்தில் கிரிக்கெட் மேட்ச் ஓடுகிறது. பதிவு செய்தவர் மாப்பிள்ளையேதான்.

சென்னையிலிருந்து:

நான் மாற்றுக் கட்சி. அப்பாவுக்கு எண்பது ஆகப்போகிறது. பென் டிரைவில் எல்லாம் ஏற்றிக் கொடுத்தாயிற்று, ரிமோட்டில் அந்த மெனுவுக்குள் போய்வர அவரால் முடியவில்லை. கேசட்டைத் தள்ளினால் படம் வரும் என்பது அவர் கைக்குப் பழகிய வேலை. பழைய பெரிய டிவி ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் கேசட் படம் புது டிவியைவிட நன்றாகவே தெரியும். கணினியில் ஏற்றியது பத்திரமாக இருக்கிறது, அப்புறம் டேப் தேய்ந்தால் தேயட்டுமே.

ஒரு சிக்கல் மட்டும். அமெரிக்காவிலிருந்து அத்தை அனுப்பிய கேசட் அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சியில் இருந்தது. எங்கள் டெக்கில் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருந்தது. இரண்டு முறையையும் ஓட்டும் மல்டி சிஸ்டம் டெக் கிடைத்தால்தான் உண்டு.

திருச்சி, மறுபடியும்:

சென்னை நண்பர் சொல்வது நியாயம், ஏற்றிய பிறகு ஓட்டினால் எனக்கும் ஆட்சேபணை இல்லை. எப்படி ஏற்றினேன் என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெக்கின் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் மலிவான யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கில் நேராகச் சொருகினால் பாதி வழியில் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். பழைய டேப்பின் சிக்னல் தள்ளாடுவதால் வரும் தொல்லை. நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை வைத்து, அதன் வழியாக அனுப்பினேன், அந்தத் தொல்லை நின்றுவிட்டது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்யாது, மாட்டிப் பார்த்துத்தான் தெரியும். சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிபி ஆகும், அதனால் தரம் குறையாமல் சுருக்கும் முறையில் பதிந்தேன். முடிந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை அக்கா வீட்டில் கொடுத்துவிட்டேன்.

யாரிடமாவது ஓடாத டெக் இருந்தால் எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எங்கள் மெக்கானிக்குக்கு உதிரி பாகத்துக்கு வேண்டுமாம்.