மலாக்காவிலிருந்து திரும்பும்போது கடைசிக் கட்டச் சோர்வு

கேள்வி: மலாக்காவிலிருந்து மிதிவண்டியில் திரும்புகையில், ஜொகூர் பாருவை நெருங்கியதும் கால்கள் கனத்து எரிச்சல் மேலிடுகிறது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்து, என் வீடு இருக்கும் ஈசூன்வரை மிதிக்கத் தெம்பு கிடைக்க என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரை இருப்பு தீர்ந்துபோவதே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பதால், பசிக்கும்வரை காத்திராமல் தொடக்கத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். நான் சட்டையின் பின்பையில் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழங்களை வைத்துக்கொண்டு, சமதளம் வரும்போதெல்லாம் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன்.

பதில்: உப்பையும் மறக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

பதில்: கால்கள் கனத்தாலும் ஈசூன்வரை மிதிக்க நினைக்கும் உங்கள் மன உறுதியை மதிக்கிறேன் அண்ணா. ஆயினும் தலைசுற்றல், குமட்டல், தடுமாற்றம் ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது கட்டாயம் நிழலில் இறங்கி உடலைக் குளிர்வித்து உதவி கேளுங்கள். மடக்கு மிதிவண்டியென்றால் எம்ஆர்டி ரயிலிலேயே வீடு திரும்பலாம்.