மூணாவது எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை) போச்சு, யாராச்சும் வழி சொல்லுங்க
ஃப்ரெண்ட்ஸ், என் டெஸ்க்டாப்ல ஒரே வருஷத்துல மூணாவது எஸ்எம்பிஎஸ் காலி. முதல்ல இருந்தது 450 வாட், மட்டமான பீஸ்னு விட்டுட்டேன், அப்புறம் போட்ட 550 வாட் ரெண்டும் அதே கதைதான், கேம் ஓடிட்டு இருக்கும்போதே டப்புனு ஆஃப், அதுக்கப்புறம் ஃபேன் கூட சுத்தல. கழட்டி வச்சு, தனியா ஆன் ஆகுதான்னு பாக்க பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் ஷார்ட் பண்ணியும் பாத்தாச்சு, அசையல. கடைசியா போனதுல முந்தின நாள் மல்டிமீட்டர் வச்சப்போ 12 வோல்ட் லைன் 11.2 காட்டுச்சு, 11.4க்கு கீழ எறங்கக்கூடாதுல்ல? கேபினெட்ட தொட்டா லேசா சுர்ருங்குது, எர்த் சரியில்லையோன்னு சந்தேகம், எலக்ட்ரீஷியன கூப்பிடணும் அது தனிக்கதை. இல்ல மதர்போர்டோ கிராஃபிக்ஸ் கார்டோ ஷார்ட் ஆகி சப்ளைய காவு வாங்குதா? நாலாவது வாங்கி மாட்டவே பயமா இருக்கு, எத முதல்ல செக் பண்றது?