பெரிய கோயில் விமானத்தைச் சட்டகத்தில் எங்கே வைப்பது?

கேள்வி:
வணக்கம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை, மூன்றில் ஒரு பங்கு விதிப்படி (படச்சட்டகத்தை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் ஒன்றில் பொருளை வைக்கும் முறை) சட்டகத்தின் வலக்கோட்டில் வைத்து, நேர் எதிரே நின்று பலமுறை எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் விமானம் பின்னால் சாய்வதுபோலவும் இடப்புறம் வெறுமையாகவும் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
ஐயா, 1010-இல் நிறைவுற்ற அக்கோயிலில் வாயில், நந்தி மண்டபம், விமானம் ஆகிய அனைத்தும் ஒரே அச்சில் நிற்கின்றன. ஆகவே நேர் எதிரே நின்றுகொண்டு விமானத்தை ஓரத்துக்குத் தள்ளினால், கட்டடத்தின் சமச்சீரும் உங்கள் சட்டகமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அங்கே நடுவில் வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஓரத்தில் வைத்த பொருளுக்கு மறுபுறம் ஈடுகொடுக்க ஏதேனும் இருந்தால்தான் அந்த விதி பலன் தரும். பிராகாரத்தின் தென்கிழக்கிலிருந்து பாருங்கள்: விமானம் இடக்கோட்டில் அமையும், வலப்புற வெறுமையை நந்தி மண்டபம் நிரப்பும்.

மறுமொழி 2:
சாய்வுக்குக் காரணம், கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான். இயல்பாகவே மேலே குறுகிச் செல்லும் விமானம் என்பதால் அக்குறை இருமடங்காகத் தோன்றுகிறது. நன்றாகப் பின்னால் நகர்ந்து, கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, மிஞ்சும் தரையைப் பிறகு வெட்டிவிடுங்கள். இரண்டாம் கோபுர வாயிலான இராசராசன் திருவாயிலுக்குள் நின்றால் அந்த வாயிலே சட்டமாக அமையும். கோயில் கிழக்கு நோக்கியது, காலையில் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வாயிலின் உட்புறம் கறுத்துவிட்டால், ஒளியளவை எதற்கு ஏற்ப வைப்பது?

மறுமொழி 2:
விமானத்துக்கே வையுங்கள். இருண்ட வாயில்தான் பார்வையை வெளிச்சத்தை நோக்கி இட்டுச்செல்லும்.