ராத்திரி மட்டும் இருமலா? ஈசினோபில் எண்ணிக்கையைக் கேளுங்கள்

நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். என் வீட்டுக்காரருக்குப் பகலில் ஒன்றுமே தெரியாது, நடுராத்திரி தாண்டினால் விடியும்வரை இருமலும் இழுப்பும்தான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடப்பார். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள், அடங்கவில்லை. உடம்பு இளைக்க ஆரம்பித்ததும் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சளியில் கிருமி இல்லை என்று வந்தும் டிபி மருந்தே ஆரம்பித்துவிடலாம் என்றார் ஒரு டாக்டர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

புதுச்சேரியில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டினோம். பழைய ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார். வெள்ளணு 18,000, அதில் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணு மட்டும் 52 சதவீதம். "சதவீதத்தை மட்டும் பார்த்தா பத்தாதும்மா" என்று அந்தத் தாளின் ஓரத்திலேயே பேனாவால் பெருக்கிக் காட்டினார், ஈசினோபில் மொத்தம் 9,360. 500க்குள் இருக்க வேண்டியது! சளி பிடித்தாலே ஈஸ்னோபீலியா என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் 3,000 தாண்டி, ராத்திரி இருமலும் சேர்ந்தால் நம் பக்கத்தில் யானைக்கால் புழுவை நினைக்க வேண்டுமாம். கால் வீங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. குட்டிப் புழுக்கள் நுரையீரலிலேயே சிக்கி அழிந்துபோவதால் ராத்திரி ரத்தம் எடுத்தாலும் அகப்படாது, அதனால் ரத்தத்தில் ஃபைலேரியா (யானைக்கால் புழு) ஆன்டிபாடியும், புழு, அலர்ஜி இருந்தால் ஏறும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதமும் பார்க்கச் சொன்னார், இரண்டும் எக்கச்சக்கமாக வந்தன. ஆந்திராவில் மதனப்பள்ளி டிபி சானடோரியம் டாக்டர்கள் 1940லேயே இதை டிபி போலத் தெரியும் வேறு நோய் என்று எழுதிவிட்டார்கள் என்றார், கேட்டு வயிறு எரிந்தது.

மலப் பரிசோதனையும் எழுதினார். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல்புழுவாலும் ஈசினோபில் ஏறும், அது இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவருக்கு அது இல்லை.

அப்புறம் யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரை, பழைய ஆட்கள் ஹெட்ரசான் என்பார்களே அதுதான், எடைக்குத் தகுந்த அளவில் 3 வாரம். முதல் வாரத்திலேயே ராத்திரி படுத்துத் தூங்கினார். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, சிலருக்குத் திரும்ப வரும் என்பதால் எண்ணிக்கையை மறுபடியும் பார்க்க வேண்டும். மாத்திரையில் இறங்காவிட்டால் வேறு காரணம் தேட ஸ்கேன், மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி என்று போக வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருந்தார், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

டிபி மருந்து சாப்பிட்டும் ராத்திரி இருமல் நிற்காதவர்கள் யாராவது இருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் ஈசினோபில் மொத்தம் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.