‘லைவ் பேட்ச்’ என்பதற்கு ‘இயங்கொட்டு’

நண்பர்களுக்கு மதுரையிலிருந்து வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கருனி (kernel) ஓடிக்கொண்டிருக்கையிலேயே, கணினியை மறுதொடக்கம் செய்யாமல் அதன் பிழையைத் திருத்தும் முறை ‘லைவ் பேட்ச்’. அதற்கு நாம் தேடிவரும் தமிழ்ச்சொல் பற்றி இதை எழுதுகிறேன்.

முன்மொழியப்பட்ட ‘நேரலை ஒட்டு’ என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. நேரலை என்றதும் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பார்ப்பதுதான் நினைவுக்கு வரும்; கருனி ஓடிக்கொண்டிருப்பது வராது.

நத்தம் நண்பர் மாந்தோப்பிலிருந்து எடுத்துத் தந்த ‘ஒட்டுக்கட்டல்’ அதைவிட அழகானது. 2014இல் வந்த, சூசே லினக்ஸ் நிறுவனத்தின் லைவ் பேட்ச் நுட்பமான ‘கேகிராஃப்ட்’ (kGraft) என்னும் பெயரிலும் அப்பொருளே இருக்கிறது. ஆயினும் ஒட்டுப் பிடித்த பின், வேர் தரும் நாட்டுக்கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். லினக்ஸில் எதுவும் வெட்டப்படுவதில்லை. பிழையுள்ள செயற்கூறு (function) நினைவகத்தில் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் தொடக்கத்தில் தொகுப்பி (compiler) விட்டுவைத்த சிறு இடத்தைக் கொண்டு, கருனியிலுள்ள எஃப்டிரேஸ் (ftrace) என்னும் வசதி அழைப்பைப் புதிய செயற்கூற்றுக்குத் திருப்பிவிடுகிறது. ஒட்டை முடக்கினால் அழைப்பு பழைய வழிக்கே போகும். ஆகவே இது கிழிசலின் மேல் துணி வைத்துத் தைக்கும் ஒட்டுதான். உடுத்திய துணியை உடம்பில் வைத்தே தைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பார்கள். இந்த நுட்பத்தின் வேலையே அதுதான்.

எனவே ‘இயங்கொட்டு’ என்பதை முன்மொழிகிறேன். வினைத்தொகையாக விரித்தால் ‘இயங்கும் ஒட்டு’ என்றாகி, இயங்குவது கருனியா ஒட்டா என்ற ஐயம் எழும் என்று இலக்கணம் அறிந்தோர் கேட்கக்கூடும். உறைவிடத்தில் இடம் உறைவதில்லை, குடிநீரில் நீர் குடிப்பதில்லை. அவ்வாறே கருனி இயங்குகையில் இடப்படும் ஒட்டு இயங்கொட்டு எனக் கொள்வதில் தடையில்லை.

இச்சொல்லுக்கு நண்பர்கள் தந்த வரையறையில் ஒரு திருத்தம் வேண்டும். ‘மறுதொகுப்பும் மறுதொடக்கமும் இன்றி’ என்று எழுதியிருப்பதில் முதற்பாதி அரைகுறை உண்மை. ஓடுகிற கருனியை மாற்றி நிறுவ வேண்டியதில்லையே தவிர, ஒட்டை ஒரு மாட்யூலாக, அதாவது கருனியில் ஏற்றக்கூடிய தனி நிரல்துண்டாகத் தொகுத்துத்தான் ஏற்ற வேண்டும். தரவுக் கட்டமைப்பின் வடிவமே மாறும் திருத்தங்களுக்கு இம்முறை எளிதில் ஒத்துவராது என்பதையும் சேர்க்கலாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 2015 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 4.0இல் இவ்வசதி சேர்ந்தது. 2017இல் வந்த 4.12 முதல், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பணியும் (task) பாதுகாப்பான ஒரு கட்டத்தை எட்டிய பிறகே தனித்தனியாகப் புதிய செயற்கூற்றுக்கு மாற்றப்படுகிறது. சில பணிகள் பழையதிலும் சில புதியதிலும் நிற்கும் அந்த இடைப்பொழுதுக்கு ‘மாறுகாலம்’ என எழுதிப் பார்த்தேன். பருவமாற்றம் போல் ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.