மாற்கு 16:8-க்குப் பிறகு என்ன? ஆதிச் சபை வரலாற்றை எங்கே தொடங்குவது?

தேரிக்காட்டான்:
ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். நான்கு தலைமுறையாக சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), தாத்தாவின் அப்பா உபதேசியார். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, கத்தரிக்காய் நறுக்கியே வளர்ந்தவன். விசுவாசத்தை விட்டுவிடும் எண்ணத்தில் எழுதவில்லை. விடவே கூடாது என்ற பிடிவாதமும் இல்லை.

வியாதியஸ்தர்மேல் கைகளை வைப்பார்கள், அவர்கள் சொஸ்தமாவார்கள் என்ற மாற்கு சுவிசேஷம் 16:18 எங்கள் வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய வசனம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அதைச் சொல்லித்தான் ஜெபித்தோம். (அதே வசனத்தில் சர்ப்பங்களை எடுப்பார்கள் என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை மாட்டி வைத்தவர் எங்கள் ஊரில் யாருமில்லை.) இப்போது ஓர் ஆய்வு வேதாகமத்தின் அடிக்குறிப்பில், 9 முதல் 20 வரையிலான வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்பதோடு சுவிசேஷம் முடிகிறது. உயிர்த்தவரை யாரும் பார்க்கவே இல்லை! ஐயரிடம் (எங்கள் சபைப் போதகர்) கேட்டதற்கு, "அதையெல்லாம் தோண்டாதே தம்பி" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இது உண்மைதானா? நிசேயாவில் கூடிய ஆயர்கள் மாநாட்டில் ஓட்டெடுத்து வேதப் புத்தகங்களைப் பொறுக்கினார்கள் என்கிறார்களே, அது? முதல் நூற்றைம்பது வருடத்து ஆட்கள் எழுதியதைப் படிக்க எங்கே தொடங்கலாம்? "ஜெபம் பண்ணு, தெளிவு வரும்" என்பது வீட்டிலேயே கிடைக்கிறது. "மதமே பொய்" என்பது ஆபீஸில். வேறு ஏதாவது சொல்லுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
அடிக்குறிப்பு சரிதான். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் ஏடுகள் (கையால் எழுதிய பழைய கிரேக்க வேதாகமப் பிரதிகள்) இரண்டிலும் மாற்கு 16:8-இல் முடிகிறது. வத்திக்கான் ஏட்டில் அதற்கு அப்புறம் ஒரு நெடுவரிசை (column) முழுக்க வெற்றிடம். எழுதியவருக்கு வேறொரு முடிவு இருப்பது தெரிந்திருந்ததோ என்னவோ. ஆனால் அந்த வசனங்கள் நேற்று முளைத்தவையும் அல்ல. சுமார் கி.பி. 180-இலேயே இரேனியுஸ் என்ற ஆயர் 19ஆம் வசனத்தை மாற்கு எழுதியதாகவே மேற்கோள் காட்டுகிறார்.

நிசேயா ஓட்டெடுப்பு கட்டுக்கதை. 325-இல் அங்கே நடந்த சண்டை குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையைப் பற்றியது. கூடவே ஈஸ்டர் தேதி, குருமார் ஒழுங்கு என்று சில விஷயங்கள். புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களும் அப்படியே ஒரு பட்டியலாக வருவது 367-இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் ஈஸ்டர் கடிதத்தில். சினாய் ஏட்டில் வெளிப்படுத்தலுக்குப் பிறகு இன்றைய பட்டியலில் இல்லாத பர்னபா நிருபம், எர்மாவின் மேய்ப்பர் என்ற இரண்டு நூல்களும் இருக்கின்றன. ஒரே நாளில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்த விஷயமில்லை.

பழைய செமினரி:
தம்பி, உங்கள் ஐயருக்கு இது தெரியாமல் இருக்காது. இறையியல் கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிரசங்க பீடத்தில் ஏறியதும் எல்லோரும் மறந்துவிடுகிறோம், நான் உட்பட.

சுவிசேஷங்களில் தொடங்காதீர்கள். பவுல் முந்தியவர். 1 தெசலோனிக்கேயர் ஏறக்குறைய 50-இல் எழுதியது, மாற்கு 70-ஐ ஒட்டி. உயிர்த்தவரைப் பார்த்தவர்களின் பட்டியல் 1 கொரிந்தியர் 15-இல் இருக்கிறது. அது மாற்குக்கு முந்தியது. அதனால் மாற்குவின் முடிவு போனால் எல்லாமே போயிற்று என்று பயப்பட வேண்டாம். அதை நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

அப்புறம் 'டிடாகே', ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் கையேடு. பதினாறு சின்ன அதிகாரம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிரையேனியோஸ் என்ற கிரேக்கச் சபை குரு கண்டெடுத்த பிரதி. ஞானஸ்நானத்துக்கு ஓடுகிற தண்ணீர் நல்லது, கிடைக்காவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. முழுக்கா தெளிப்பா என்று நம்மூரில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் படிக்க வேண்டியது. 11ஆம் அதிகாரத்தைத் தவறவிடாதீர்கள்.

மரிய விசுவாசி:
முன்னோர்கள் காத்துத் தந்ததைச் சந்தேகப்படுவதுதான் இப்போது நாகரிகமாகிவிட்டது.

ஏட்டுப்பூச்சி:
முன்னோர்களைத்தானே அக்கா படிக்கச் சொல்கிறோம்! வெளியாள் பார்வை வேண்டுமென்றால் ரோம ஆளுநர் பிளினி சுமார் 112-இல் திராயான் பேரரசருக்கு எழுதிய கடிதம். விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள் என்கிறார். விவரம் கறக்க அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. சபையில் அவர்கள் ஊழியக்காரிகள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

தேரிக்காட்டான்:
டிடாகே படித்தேன். வருகிற ஊழியக்காரன் மூன்று நாள் தங்கினாலோ, போகும்போது பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசியாம். இதை எங்கள் ஊர் கன்வென்ஷன் பந்தலில் வாசித்தால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு இந்த அதிகாரத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். அடுத்து என்ன படிக்கலாம், அண்ணாச்சி?

பழைய செமினரி:
ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன கிளெமெந்தின் கடிதம், சுமார் 96. சபையின் மூப்பர்களைச் சிலர் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், அதைச் சமாதானம் பண்ணத்தான் அவ்வளவு நீளமாக எழுதுகிறார். திருமண்டலத் தேர்தலை (நம் சபை நிர்வாகத் தேர்தலை) பார்த்து வளர்ந்த உங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.